மோட்டார்ஹோம் நிறுத்திவைப்பும் மின்னிணைப்பும்

மோட்டார்ஹோம் என்பது படுக்கை, சமையலிடம், கழிவறை ஆகியவற்றுடன் ஓர் ஊர்தியின் அடிச்சட்டத்தின் மீதே அமைக்கப்பட்ட நகரும் வீடு ஆகும். படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களுக்காக நிற்கும் 'கேரவன்' வண்டியைப் பார்த்தவர்களுக்கு இதன் தோற்றம் ஓரளவு தெரிந்திருக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் குடும்பங்கள் விடுமுறைப் பயணத்துக்கு இதைப் பயன்படுத்துகின்றன. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் வின்னபாகோ நிறுவனம் 1966-இல் மோட்டார்ஹோம்களைத் தொழிற்சாலையில் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது.

குளிர்ப் பகுதிகளில் இந்த வண்டிகள் ஆண்டில் ஐந்து, ஆறு மாதங்கள் பயன்பாடின்றி நிற்கும். அந்தக் காலத்தில் வண்டியை மின்சாரத்தில் இணைத்தே வைப்பதா, இணைப்பைப் பிடுங்கிவிடுவதா என்பது உரிமையாளர்களிடையே நீண்டநாள் கேள்வி. தவறான முடிவால் விலையுயர்ந்த பேட்டரிகள் ஒரே பருவத்தில் வீணாகலாம். சில வேளைகளில் தீ விபத்தும் நேரலாம். சரியான விடை மூன்றைப் பொறுத்தது: பேட்டரியின் வகை, சார்ஜரின் வகை, நிறுத்தும் இடத்தின் தட்பவெப்பம்.

== இரண்டு பேட்டரிகள் ==

மோட்டார்ஹோமில் பொதுவாக இரு தனித்தனி 12 வோல்ட்டு அமைப்புகள் உண்டு. ஒன்று, இயந்திரத்தைக் கிளப்பும் பேட்டரி. இது சில விநாடிகள் மிகுந்த மின்னோட்டம் தருவதற்காகச் செய்யப்பட்டது. மற்றொன்று, விளக்கு, நீரேற்றி, மின்விசிறி முதலியவற்றுக்கான வீட்டுப் பகுதிப் பேட்டரி. இது குறைந்த மின்னோட்டத்தைப் பல மணி நேரம் தரவல்லது.

வெளியிலிருந்து தரும் மின்சாரம் எல்லா வண்டிகளிலும் இரு பேட்டரிகளுக்கும் போய்ச் சேர்வதில்லை. பலவற்றில் வீட்டுப் பகுதிப் பேட்டரிக்கு மட்டுமே மின்னேற்றம் கிடைக்கும். வண்டியை ஆறு மாதம் இணைப்பிலேயே வைத்திருந்தும் வசந்தத்தில் இயந்திரம் கிளம்பவில்லை என்றால் முதலில் ஐயுற வேண்டியது இதைத்தான்.

== கரை மின்சாரம் ==

துறைமுகத்தில் நிற்கும் கப்பல் தன் மின்னாக்கியை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து கம்பி வழியாக மின்சாரம் பெறும். அதனால் வந்த 'கரை மின்சாரம்' என்ற பெயரே மோட்டார்ஹோமின் வெளி மின்னிணைப்புக்கும் நிலைத்துவிட்டது.

வட அமெரிக்காவில் இரு வகை இணைப்புகள் வழக்கத்தில் உள்ளன. 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட்டில் 3,600 வாட்டு வரை தரும். 50 ஆம்பியர் இணைப்பில் இரண்டு 120 வோல்ட்டு வழிகள் இருப்பதால் 12,000 வாட்டு வரை கிடைக்கும். ஐரோப்பாவில் 230 வோல்ட்டு, 16 ஆம்பியர் கொண்ட நீல நிறச் செருகி பரவலாக உள்ளது.

வண்டிக்குள் வரும் மாறுதிசை மின்னோட்டத்தை மாற்றி என்னும் கருவி 12 வோல்ட்டு நேர்திசை மின்னோட்டமாக மாற்றுகிறது. பேட்டரியை மின்னேற்றம் செய்வதும் இதுவே. இணைத்து வைப்பது நல்லதா கெட்டதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இக்கருவியின் தரம்தான்.

== நிறுத்தியபின்னும் செலவாகும் மின்சாரம் ==

எல்லா விளக்குகளையும் அணைத்துப் பூட்டிய வண்டியிலும் சில கருவிகள் தொடர்ந்து மின்சாரம் எடுக்கும். சமையல் எரிவாயுக் கசிவு உணரி, வானொலியின் நினைவகம், குளிர்பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகை, கடிகாரம் ஆகியவை அவற்றுள் சில. தனித்தனியே பார்த்தால் அளவு மிகச் சிறியது. கூட்டிப் பார்த்தால் நிலைமை வேறு.

எடுத்துக்காட்டாக, இவையனைத்தும் சேர்ந்து 0.2 ஆம்பியர் எடுப்பதாகக் கொள்வோம்.

* ஒரு நாள் செலவு: 0.2 × 24 = 4.8 ஆம்பியர்-மணி.
* பேட்டரியின் கொள்ளளவு: 100 ஆம்பியர்-மணி.
* காரீய-அமில பேட்டரியில் பாதிக்குமேல் எடுப்பது நல்லதன்று. எனவே பயன்படுத்தத்தக்கது 50 ஆம்பியர்-மணி.
* தாங்கும் காலம்: 50 ÷ 4.8 = ஏறத்தாழ 10 நாள்.

மூன்று வாரத்தில் பேட்டரி முழுதும் வடிந்துவிடும். ஆறு மாதம் நிற்கும் வண்டியை எந்த ஏற்பாடும் இன்றி விட்டுப்போவது பேட்டரியைக் கைவிடுவதற்குச் சமம்.

== வடிந்த பேட்டரிக்கு நேர்வது ==

காரீய-அமில பேட்டரியை 1859-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளான்தே உருவாக்கினார். இதில் ஒரு தகடு காரீயம், மற்றது காரீய டை ஆக்சைடு. இடையே நீர்த்த கந்தக அமிலம். ஒரு கலத்தின் மின்னழுத்தம் சுமார் 2.1 வோல்ட்டு. ஆறு கலங்கள் தொடராக இணையும்போது 12.6 வோல்ட்டு கிடைக்கிறது.

மின்சாரம் வெளியேறும்போது இரு தகடுகளிலும் காரீய சல்பேட்டு படிகிறது. உடனே மீண்டும் மின்னேற்றம் செய்தால் அது கரைந்து பழைய நிலை திரும்பும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் நுண்ணிய படிகங்கள் பெரிதாகி இறுகிவிடும். இதைச் சல்பேட்டுப் படிவு என்பர். இறுகிய படிகம் மின்னேற்றத்தின்போது எளிதில் கரைவதில்லை. அந்த அளவுக்குப் பேட்டரியின் கொள்ளளவு நிலையாகக் குறைந்துபோகும்.

உறைதல் இன்னொரு ஆபத்து. முழு மின்னேற்றம் உள்ள பேட்டரியின் அமிலம் செறிவாக இருப்பதால் கடுங்குளிரிலும், சுழிக்குக் கீழ் 50 பாகை செல்சியசில்கூட, உறைவதில்லை. முற்றும் வடிந்ததில் இருப்பது பெரும்பாலும் நீரே. அது சுழிக்குக் கீழ் 10 பாகையை எட்டும் முன்பே உறைந்துவிடக்கூடும். உறையும் நீர் விரிவதால் தகடுகள் வளையும், பெட்டி வெடிக்கும். ஆகவே கனடா போன்ற நாட்டில் பேட்டரியைக் கொல்வது குளிர் மட்டும் அன்று. வடிந்த நிலையில் குளிரில் விடப்படுவதே. பேட்டரி முழுமையாக நிரம்பியிருந்தால் குளிர் அதற்கு நன்மையே, ஏனெனில் வெப்பநிலை குறையக் குறையத் தன்மின்னிறக்கமும் குறைகிறது.

== எப்போதும் இணைத்தே வைத்தால் ==

அப்படியானால் இணைத்தே வைத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் சார்ஜரின் வகை முக்கியமாகிறது.

பழைய வண்டிகளில் உள்ள ஒருநிலை மாற்றிகள் பேட்டரி நிரம்பியதா என்று பாராமல் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நிரம்பிய பேட்டரிக்குள் மேலும் செலுத்தப்படும் மின்சாரம் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் செய்து காட்டும் நீரின் மின்னாற்பகுப்பே இது. மாதக்கணக்கில் இது நடந்தால் நீர்மட்டம் தாழ்ந்து தகடுகளின் மேற்பகுதி காற்றில் படும். காற்றில் பட்ட பகுதி மீளாது கெடும். கோடை வெப்பத்தில் இந்த இழப்பு விரைவாகும். வெளியேறும் ஹைட்ரஜன் மூடிய அறையில் 4 விழுக்காட்டைத் தாண்டினால் ஒரு தீப்பொறியே போதும்.

தமிழ்நாட்டு வீடுகளில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அவ்வப்போது காய்ச்சி வடித்த நீர் ஊற்றுகிறோம் அல்லவா? அதற்குக் காரணமும் இதே வேதிவினைதான்.

இன்றைய பலநிலை சார்ஜர்கள் வேறு விதமாகச் செயல்படுகின்றன. முதலில் சுமார் 14.4 வோல்ட்டு வரை உயர்த்தி விரைவாக நிரப்பும். நிரம்பியபின் 13.2 முதல் 13.6 வோல்ட்டு அளவுக்கு இறங்கி, தன்மின்னிறக்கத்தை ஈடுசெய்யும் அளவே கொடுக்கும். இதை மிதவை நிலை என்பர். இத்தகைய சார்ஜர் உள்ள வண்டியில் காரீய-அமில பேட்டரியை இணைப்பிலேயே வைத்திருக்கலாம்.

தம் சார்ஜர் எவ்வகை என்று அறியாதவர் ஓர் எளிய சோதனை செய்யலாம். வண்டியை இணைத்து இரண்டு, மூன்று நாள் கழித்துப் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். 13.2 – 13.6 வோல்ட்டு காட்டினால் மிதவை அளவில் உள்ளது. ஆனாலும் ஒருநிலை மாற்றியும் 13.6 அளவில் நிற்கக்கூடும் என்பதால், கருவியின் கையேட்டையும் பார்ப்பது நல்லது. 14 வோல்ட்டுக்கு மேலேயே நின்றால் நீண்டகால இணைப்புக்கு அது ஏற்றதன்று. எவ்வகையானாலும், நீர் ஊற்றும் வகைப் பேட்டரியில் மாதம் ஒருமுறை நீர்மட்டம் பார்க்க வேண்டும்.

== லித்தியம் பேட்டரி ==

அண்மைக்கால வண்டிகளில் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுப் பேட்டரி பெருகி வருகிறது. இதற்கான விதிகள் வேறு. இதில் சல்பேட்டுப் படிவு இல்லை. தன்மின்னிறக்கமும் மிகக் குறைவு. காரீய-அமில பேட்டரியை நிரப்பி வைக்க வேண்டும். லித்தியம் பேட்டரியையோ மாதக்கணக்கில் முழுமையாக நிரப்பியே வைத்திருந்தால் அது விரைவில் மூப்படையும். ஏறத்தாழ பாதி மின்னேற்றத்தில், இணைப்பின்றி வைப்பதே நன்று.

இன்னொரு விதி, சுழிப் பாகை செல்சியசுக்குக் கீழ் இதை மின்னேற்றம் செய்யக்கூடாது. குளிரில் மின்னேற்றினால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேல் உலோகமாகப் படியும். பேட்டரி நிலையாகக் கெடும். பெரும்பாலானவற்றில் இதைத் தடுக்கும் பாதுகாப்புச் சுற்று உண்டு. இருப்பினும் கடுங்குளிரில் நிற்கும் வண்டியில் இதை இணைத்து வைப்பதால் பயன் எதுவும் இல்லை.

== இணைப்புக் கம்பியும் தீ ஆபத்தும் ==

மிதவை நிலையில் பேட்டரிக்கு மிகச் சிறிய மின்னோட்டமே தேவை. ஆகவே 30 ஆம்பியர் வசதி இல்லாவிட்டாலும், தகுந்த பொருத்தி வழியாக வீட்டின் 15 ஆம்பியர் செருகுவாயே போதும். ஆனால் குளிர்சாதனம், மின்கொதிகலன் போன்றவற்றை அப்போது இயக்கக்கூடாது. மெல்லிய நீட்டிப்புக் கம்பி, தளர்ந்த செருகி, துருப்பிடித்த முனை ஆகியவை சூடேறித் தீக்குக் காரணமாகலாம். தடித்த கம்பியைச் சுருட்டி வைக்காமல் விரித்துப் பயன்படுத்த வேண்டும். இடி, மின்னல் காலத்தில் மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் கருவி இருப்பது நல்லது.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. உறைபனிக்கு அஞ்சி, நிறுத்தும் முன் வெந்நீர்க் கலனின் நீரை வடித்துவிடுவர். அதன் மின்விசை போட்டபடியே இருக்க வண்டியை இணைத்தால், நீரில்லாத கலனில் வெப்பச்சுருள் விரைவில் எரிந்துபோகும். இணைக்கும் முன் அந்த விசையைப் பார்க்க வேண்டும்.

== மின்வசதி இல்லாத இடத்தில் ==

வாடகைக்கு வண்டி நிறுத்தும் பல இடங்களில் மின்வசதி கிடைப்பதில்லை. அங்கு மூன்று வழிகள் உள்ளன.

* '''துண்டித்தல்:''' பேட்டரியை முழுமையாக நிரப்பிய பின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்ற வேண்டும். திரும்ப இணைக்கும்போது அதை இறுதியில் பூட்ட வேண்டும். துண்டிப்பு விசை இருந்தாலும், எரிவாயு உணரி போன்றவை அதைத் தாண்டி நேரடியாக இணைக்கப்பட்டிருக்கலாம்.
* '''சூரியத் தகடு:''' கட்டுப்படுத்தியுடன் கூடிய சிறு தகடு, இழப்பை ஈடுசெய்யும். கூரைக்குள் நிற்கும் வண்டிக்கும், பனி மூடிய தகட்டுக்கும் இது பயன்படாது.
* '''கழற்றி எடுத்துவருதல்:''' பேட்டரியை வீட்டில் காற்றோட்டமான இடத்தில் வைத்து அவ்வப்போது மின்னேற்றலாம். சிமெண்டுத் தரையில் வைத்தால் பேட்டரி வடியும் என்பது பழங்கால மரப்பெட்டி, ரப்பர்ப்பெட்டிப் பேட்டரிகள் காலத்து எச்சரிக்கை. இன்றைய நெகிழிப் பெட்டிக்கு அது பொருந்தாது.

துண்டித்து வைத்த காரீய-அமில பேட்டரியை மாதம் ஒருமுறை அளந்து, 12.4 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் மின்னேற்ற வேண்டும். துண்டித்தபின் எரிவாயு உணரி வேலை செய்யாது என்பதால் எரிவாயு உருளையின் அடைப்பானை மூடிவிட வேண்டும். அந்நிலையில் உள்ள வண்டியில் யாரும் ஓர் இரவுகூடத் தூங்கக் கூடாது.

== தொகுப்பு ==

* பலநிலை சார்ஜரும் காரீய-அமில பேட்டரியும் இருந்தால்: இணைத்து வைக்கலாம்; மாதம் ஒருமுறை நீர்மட்டத்தையும் செருகியின் சூட்டையும் பார்க்க வேண்டும்.
* பழைய ஒருநிலை மாற்றி இருந்தால்: தொடர்ந்து இணைக்க வேண்டாம், துண்டித்து வைத்து, மாதம் ஒருமுறை சில மணி நேரம் மட்டும் மின்னேற்றலாம்.
* லித்தியம் பேட்டரி என்றால்: பாதி மின்னேற்றத்தில் துண்டித்து வைக்க வேண்டும்.
* எவ்வகையானாலும்: இயந்திரப் பேட்டரிக்குத் தனி ஏற்பாடு உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

மாதம் ஒருமுறை மல்டிமீட்டருடன் வண்டியைப் போய்ப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். அதைச் செய்பவருக்கு இணைத்து வைத்தாலும் துண்டித்து வைத்தாலும் பேட்டரி பல ஆண்டுகள் உழைக்கும்.