ஆரஞ்சுக் கோடு போட்ட மனிதர்

"நாசரேத் போறேன் ஸார். பத்து நாள் லீவு வேணும்."

மானேஜர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சாயங்காலம் செந்தூர் எக்ஸ்பிரஸ்ல ஏறினா விடிஞ்சா நாசரேத். அதுக்கு எதுக்குய்யா பத்து நாள்?"

அவர் மேல் தப்பில்லை. அவர் சொன்னது நம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். நான் சொன்னது ஒரிஜினல். இஸ்ரேலின் வடக்கே, கலிலேயா மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஊர். இயேசு வளர்ந்த இடம். அங்கிருந்து அவர் பிரசங்கம் செய்த கப்பர்நகூம் வரைக்கும் ஒரு நடைபாதை உண்டு. 65 கிலோ மீட்டர், 4 நாள். 'ஜீஸஸ் டிரெய்ல்' என்று பெயர். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது என்பதை மானேஜரிடம் நான் சொல்லவில்லை.

இது 2019 மார்ச்சில் நடந்தது. அப்போது ஒரு தனியார் கம்பெனியில் வவுச்சர்களுக்கு டிக் அடிக்கும் வேலையில் இருந்தேன். தினசரி நடை என்பது ஸீட்டிலிருந்து டீக்கடை வரை. யோசனை என்னுடையதல்ல, நண்பனுடையது. பாளையங்கோட்டைக்காரன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். அதே ஒழுங்கோடு கோர்ட்டுக்கும் போகிறவன். வீட்டுப் பாகத் தகராறில் சொந்த அண்ணன் மேல் நாலு வருஷமாக கேஸ். அம்மா செத்த அன்றுகூட இருவரும் பந்தலின் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். "ஒரு தடவை ஆண்டவர் நடந்த மண்ணுல நடந்துட்டு வந்துருவோம்லே" என்றான். எனக்கு ஊர் சுற்ற ஒரு சாக்கு.

நாசரேத்தில் பழைய கடைவீதிக்குள் 'ஃபௌஸி அஸார்' என்ற விடுதியில் தங்கினோம். அரபுக் குடும்பம் ஒன்றின் பழைய மாளிகை. கூரையில் சித்திரம், தரையில் பளிங்கு. பூட்டிக் கிடந்த இந்த வீட்டை 2005-ல் மாவோஸ் இனோன் என்ற யூத இளைஞர் அந்தக் குடும்பத்தாரிடம் பேசி வாடகைக்கு எடுத்து விடுதியாக்கியிருக்கிறார். பெயர் மட்டும் அந்தக் குடும்பத்துத் தாத்தாவின் பெயர்தான். இஸ்ரேலின் பெரிய அரபு நகரங்களில் ஒன்றுக்குள் ஒரு யூதர் வந்து விடுதி நடத்துவது அங்கே சாதாரண விஷயமில்லை.

இதே இனோனும், டேவிட் லாண்டிஸ் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவரும் சேர்ந்து 2007-ல் உண்டாக்கியதுதான் இந்தப் பாதை. புதிதாக ரோடு ஏதும் போடவில்லை. இருக்கிற வயல் வரப்பு, காட்டுப்பாதை, ஊர்த்தெரு எல்லாவற்றையும் கோத்து, பாறைகளிலும் கம்பங்களிலும் பெயின்ட் டப்பாவோடு அடையாளம் போட்டார்கள். இரண்டு வெள்ளைக் கோடு, நடுவில் ஓர் ஆரஞ்சுக் கோடு. அவ்வளவுதான்.

பி.காம். மூளைக்கு இதன் கணக்கு உடனே புரிந்தது. ஏ.ஸி. பஸ்ஸில் வருகிறவன் காசு பஸ்காரனுக்கும் பெரிய ஓட்டலுக்கும் போகும். நடக்கிறவன் காசு வழியில் இருக்கிற பெட்டிக்கடைக்குப் போகும். அரபு ஊரில் காபி, யூத ஊரில் படுக்கை. வெட்டிக்கொள்கிற ஜனங்களிடையே ஒரே ஆள் இரண்டு பக்கமும் பில் கட்டிக்கொண்டு நடப்பது நல்ல பிசினஸ் மட்டுமில்லை என்பது பிற்பாடுதான் உறைத்தது.

முதல் நாள் வியாழன். தொடக்கமே படிக்கட்டு. ஊரை விட்டு மேலே ஏற சுமார் 400 படிகள். நூறாவது படியில் என் பக்தி தீர்ந்துவிட்டது (முதலிலும் அதிகமில்லை). மேலே போனால் ரோமானியர் காலத்து ஸெஃபோரிஸ் நகரத்தின் இடிபாடுகள், தரையில் வண்ணக் கல் சித்திரங்கள். அதைத் தாண்டி மஷ்ஹத் என்ற முஸ்லிம் ஊர். மீன் விழுங்கிய யோனாவின் கல்லறை இந்த ஊர் மசூதியில் இருப்பதாக நம்பிக்கை. நண்பன் திகைத்துப் போனான். "நம்ம யோனா இங்க யூனுஸ் நபியாலே!"

சாயங்காலம் கானா. கல்யாண வீட்டில் தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய ஊர். சர்ச்சில் வெளிநாட்டு ஜோடிகள் மறுபடி கல்யாண உறுதிமொழி சொல்லிக்கொள்கிறார்கள். வாசலில் கானா ஒயின் ஜோராக விற்கிறது. எந்த ஊரானால் என்ன, கோயில் வாசல் கோயில் வாசல்தான்.

நம்மூர்ப் பாதயாத்திரையில் வழிநெடுக மோர்ப்பந்தல், அன்னதானம், ஸ்பீக்கர் பாட்டு, கூட ஆயிரம் பேர். இங்கே ஒரு ஈ காக்கை இல்லை. இரண்டாம் நாள் மூன்று மணி நேரத்தில் நாங்கள் சந்தித்தது பதினோரு பசுக்கள். அவற்றில் ஒன்று ஆரஞ்சுக் கோட்டின் மேலேயே சாய்ந்துகொண்டு நின்றதால் பாதையைத் தவறவிட்டுத் திரும்பி வந்தோம். சுற்றிலும் மஞ்சள் கடுகுப் பூ, சிவப்பு அனிமோனிப் பூ. மழை பெய்த மண் ஷூவில் ஒட்டி ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனம்.

வெள்ளி மத்தியானம் பள்ளத்தாக்கிலிருந்து ஜும்மா தொழுகைக்கான பாங்கு கேட்டது. கொஞ்ச தூரத்தில் கோலானி ஜங்ஷன். அங்கே ஒரு மெக்டொனால்ட்ஸ்! தோளில் துப்பாக்கியோடு பத்தொன்பது வயசுப் பையன்களும் பெண்களும் உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நம் காலேஜ் கேன்டீன் முகங்கள். துப்பாக்கியை மட்டும் நீக்கிவிட்டால் போதும்.

அன்று இரவு லாவி. 1949-ல் ஆரம்பித்த, மத ஆசாரமான யூதர்களின் கூட்டுப்பண்ணை. ஜெப ஆலயங்களுக்கு மர பெஞ்சு செய்து உலகம் பூரா அனுப்புகிற தொழிற்சாலை வைத்திருக்கிறார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சூரியன் இறங்கி ஓய்வுநாள் பிறந்துவிட்டது. வண்டி ஓடாது, அடுப்பு மூட்ட மாட்டார்கள். குடும்பம் குடும்பமாக வெள்ளைச் சட்டையில் பாடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சேறோடு உள்ளே நுழைந்ததைப் பார்த்து ஒரு பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஓட்டல் வாடகை என் பட்ஜெட்டில் பெரிய ஓட்டை. ஆனால் அந்த மெத்தை!

மூன்றாம் நாள் காலில் இரண்டு கொப்புளம். ஹத்தீன் கொம்புகள் என்கிற இரட்டை முகட்டு மலை, ஒரு காலத்தில் எரிமலை. 1187 ஜூலை 4-ம் தேதி ஸலாஹுத்தீன் இங்கேதான் சிலுவைப்போர்ப் படையைத் தோற்கடித்தார். வெயிலில் தண்ணீர் இல்லாமல் படை பாதி செத்துப்போனது. தூரத்தில் ஏரி பளபளவென்று தெரிகிறது, போய்ச் சேர முடியவில்லை. அந்தப் பாறையில் உட்கார்ந்து பாட்டில் தண்ணீரைக் குடிக்கவே கூச்சமாக இருந்தது. கீழே 1948 யுத்தத்தில் காலியான அரபு கிராமத்தின் இடிந்த மசூதி நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் ட்ரூஸ் மக்களின் புனிதத்தலம், ஷுஐப் நபியின் கல்லறை. சண்டை போட்டவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், கும்பிட வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மலைச்சரிவில்.

கடைசி நாள் அர்பேல் செங்குத்துப் பாறை. ஏரியிலிருந்து சுமார் 380 மீட்டர் உயரம். பாறையில் அடித்திருக்கிற இரும்புப் பிடிகளைப் பற்றிக்கொண்டு இறங்க வேண்டும். இந்தக் குகைகளில் ஒளிந்திருந்த கலகக்காரர்களைப் பிடிக்க, ஏரோது ராஜா சிப்பாய்களைப் பெட்டியில் உட்கார வைத்து மேலிருந்து இறக்கினாராம். எங்களுக்குப் பெட்டி தரவில்லை. நண்பன் சங்கீதம் சொல்லிக்கொண்டு இறங்கினான். நான் எல்.ஐ.ஸி. பாலிஸி நம்பரை ஞாபகப்படுத்திக்கொண்டு இறங்கினேன்.

கீழே மக்தலா. 2009-ல் விருந்தினர் விடுதி கட்டத் தோண்டியபோது முதல் நூற்றாண்டு ஜெப ஆலயம் கிடைத்த இடம். அப்புறம் ஏரிக்கரை. 'கலிலேயாக் கடல்' என்பார்கள். நல்ல தண்ணீர் ஏரிதான். கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே 'பேதுரு மீன்' என்று தட்டில் முழுசாகப் பொரித்து வைத்தார்கள். நண்பன் பார்த்துவிட்டு, "எலேய், இது நம்ம ஜிலேபி மீன்லா!" என்றான். ஏறக்குறைய சரி. இரண்டும் திலாப்பியா குடும்பம்தான்.

ஞாயிறு. அங்கே ஞாயிறு வேலை நாள் (ஆபீஸ் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்). டாப்கா சர்ச்சில் ஐந்தப்பம் இரண்டு மீன் அற்புதத்தைச் சொல்லும் பழைய கல் சித்திரம் இருக்கிறது. 2015-ல் யூதத் தீவிரவாதிகள் இந்த வளாகத்துக்குத் தீ வைத்தார்கள். பழுது பார்த்து 2017-ல் திறந்தார்கள். அதற்கு மேலே மலைப்பிரசங்கம் நடந்ததாகச் சொல்லும் குன்று. எட்டுக்கோணக் கோயில், கீழே ஏரி, நல்ல காற்று.

நண்பன் தமிழ் பைபிளை எடுத்து, பகைவரை நேசிக்கச் சொல்லும் பகுதியை மெதுவாக வாசித்தான். மூடினான். ஷூவைக் கழற்றிக் கொப்புளத்தைப் பார்த்தபடி, "சொல்லுதது லேசு. அவருக்கு அண்ணன் கிடையாதுல்லா?" என்றான்.

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் கப்பர்நகூம். கறுப்புக் கல் அஸ்திவாரத்தின் மேல் வெள்ளைக் கல் ஜெப ஆலயம், பேதுருவின் வீடு என்று சொல்லும் இடத்துக்கு மேலே ஒரு நவீன சர்ச். பஸ்காரர்கள் இருபது நிமிஷத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கடைசி ஆரஞ்சுக் கோட்டை நண்பன் கையால் தொட்டுப் பார்த்தான்.

2023 அக்டோபர் 7. காஸாவிலிருந்து ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து தாக்கிய சனிக்கிழமை. எல்லையை ஒட்டிய நெதிவ் ஹஅஸாரா என்ற விவசாயக் கிராமத்தில் ஒரு வீடு எரிந்தது. உள்ளே இருந்த வயதான தம்பதி, யாக்கோவியும் பில்ஹாவும், இறந்தார்கள். நம் ஆரஞ்சுக் கோட்டுக்காரர் மாவோஸ் இனோனின் அப்பா அம்மா.

செய்தி படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, இனி அந்த ஆள் எந்த அரபு வீட்டுக் காபியைக் குடிப்பார் என்பதுதான். அவரோ, பழிவாங்க வேண்டாம், போரை நிறுத்துங்கள் என்று சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லியும் போர் நிற்கவில்லை. காஸாவில் பல்லாயிரக்கணக்கான பாலஸ்தீனர்கள் செத்தார்கள். இனோன் அஸீஸ் அபு ஸாரா என்ற பாலஸ்தீனரோடு சேர்ந்து மேடை மேடையாகப் போனார். இந்த அஸீஸின் அண்ணன் இஸ்ரேல் சிறையிலிருந்து வெளியே வந்த கொஞ்ச நாளில், 19 வயதில் இறந்தவர். 2024 மே மாதம் இத்தாலியின் வெரோனா நகரில் பல்லாயிரம் பேர் முன்னால் இவர்கள் இருவரையும் போப் ஃபிரான்சிஸ் கட்டியணைத்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

அன்று ராத்திரி பதினோரு மணிக்கு நண்பனின் போன். அந்த வீடியோ அவன் கைக்கும் வந்திருந்தது.

"பாத்தியாலே?"

"பார்த்தேன்."

"நம்ம போன பாதையில கோடு போட்ட ஆளு."

"ஆமா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "கேஸ் என்னடா ஆச்சு?" என்றேன்.

"ஜூன்ல வாய்தா. அன்னைக்கு ஸ்டேஷனுக்கு வண்டி எடுத்துட்டு வரட்டுமான்னு அண்ணன் மெசேஜ் போட்டிருக்கான். ஒன்பது வருஷத்துல மொத மெசேஜ்."

"நீ என்ன போட்டே?"

"இன்னும் போடலை" என்றான்.