கார் ஸ்பீக்கர் ‘கரகர’ என்கிறதா? பர்சைத் திறக்காதீர்கள், ஒயரைப் பாருங்கள்!

சென்னை நகர டிராபிக்கில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, காரில் இருப்பவர்களுக்குப் பாட்டுதான் துணை. அந்தப் பாட்டுக்கு நடுவே ஒருநாள் திடீரென்று ‘கர்ர்... புர்ர்’ என்று சத்தம் வந்தால்?

மறுநாளே கடைக்கு ஓட்டம். “ஸ்பீக்கர் போயிடுச்சு சார். ஜோடியா மாத்திடுங்க” என்று பதில் வரும். மாற்றிய ஒரே வாரத்தில் மறுபடியும் அதே ‘கரகர’! அடுத்து ஆம்ப்ளிபயரையும் மாற்றச் சொல்வார்கள்.

ஆயிரக்கணக்கில் காசு போன பிறகுதான் தெரியும், கோளாறு ஒரு முழ ஒயரில் இருந்தது என்று!

கார் சாமான்களுக்குப் பேர்போன ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கோ, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கோ வண்டியை விடுவதற்கு முன்னால், வீட்டு வாசலிலேயே நோயை ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

எப்போது கத்துகிறது?

டாக்டர் “எப்போ வலிக்குது?” என்று கேட்பது போல, முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதோ, கதவைத் திறந்து மூடும்போதோ சத்தம் வந்தால், ஒயர் எங்கோ லூஸ். கதவுக் கீலுக்குப் பக்கத்தில் ரப்பர் குழாய்க்குள் ஒயர் போகும். தினமும் மடங்கி மடங்கி அது உள்ளேயே அறுந்துபோவது உண்டு. வெளியே பார்த்தால் தெரியாது.

மழைக்காலத்தில் மட்டும் வந்தால், கதவுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். ஸ்பீக்கர் முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தால் அதுதான் அடையாளம். சுத்தம் செய்து புது முனை போட்டாலே சரியாகலாம்.

சத்தத்தைக் கூட்டினால் மட்டும் கரகரத்தால், சக்திக்கு மீறிய வேலை வாங்குகிறோம் என்று அர்த்தம். செட்டின் மேல் ‘50 வாட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். தொடர்ந்து கொடுக்கக்கூடியதோ பெரும்பாலும் 15 முதல் 20 வாட்தான்! அதற்கு மேல் திருகினால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். பாட்டு கிழியும். ஸ்பீக்கர் காயிலும் சூடாகிக் கருகும். ‘பேஸ்’ அளவைக் குறைத்துப் பாருங்கள்.

இடம் மாற்றினால் குட்டு உடையும்!

ஒரு பக்கம் மட்டும் கரகரக்கிறதா? செட்டை அணைத்துவிட்டு, ஆம்ப்ளிபயரில் இருந்து வெளியேறும் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றிச் சொருகுங்கள்.

சத்தம் அதே ஸ்பீக்கரில் நின்றால், குற்றவாளி அந்த ஸ்பீக்கர் அல்லது அதற்குப் போகும் ஒயர். அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவிவிட்டால் ஸ்பீக்கர் நிரபராதி! கோளாறு ஆம்ப்ளிபயரிலோ, செட்டிலோ, நடுவே உள்ள கேபிளிலோ இருக்கிறது.

ஸ்பீக்கர்மீதே சந்தேகமா? அதன் கோனை இரண்டு கை விரல்களாலும் சமமாக, மெல்ல அழுத்துங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் காயில் தட்டுகிறது. அதை மாற்றத்தான் வேண்டும். ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைத்தால், நல்ல 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 4 ஓம் வரை காட்டும். முள் அசையவே இல்லை என்றால் காயில் அறுந்துவிட்டது.

‘எர்த்’ செய்யும் வம்பு

ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ‘ஙொய்ய்ய்’ என்று ஏறும் சத்தம் வேறு ரகம். அது என்ஜினில் சுற்றும் ஆல்டர்னேட்டரின் குரல். பெரும்பாலும் ‘எர்த்’ சரியில்லாததால்தான் அது பாட்டுக்குள் நுழைகிறது.

ஆம்ப்ளிபயரின் எர்த் ஒயரைப் பெயிண்டுக்கு மேலேயே முடுக்கிவிடுவது பலர் செய்யும் தவறு. பெயிண்ட் கரண்டைக் கடத்தாது. உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, போல்ட் போட்டு இறுக்க வேண்டும். ஒயரின் நீளம் ஒன்றரை அடிக்குள் இருப்பது நல்லது.

செட்டில் இருந்து பாட்டு வரும் கேபிளும், பாட்டரியில் இருந்து வரும் தடித்த ஒயரும் ஒன்றாகப் போகக்கூடாது. ஒன்று இடப்பக்கம் போனால் மற்றது வலப்பக்கம் போகட்டும்.

ஆம்ப்ளிபயரில் உள்ள ‘கெயின்’ திருகை வால்யூம் என்று நினைத்து முழுக்க ஏற்றி வைப்பவர்கள் உண்டு. ஏற்ற ஏற்ற இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். இறக்கி வையுங்கள்.

உயிருக்கே ஆபத்து!

பாட்டரியில் இருந்து ஆம்ப்ளிபயருக்குப் போகும் ஒயர், என்ஜின் பக்கத்துத் தகட்டு ஓட்டை வழியாகத்தான் உள்ளே வரும். அந்த ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், தகட்டு விளிம்பு ஒயரை அறுத்துக்கொண்டே இருக்கும். செம்பு வெளியே வந்து தகட்டில் பட்டால் ‘ஷார்ட்’. ஒயர் பற்றிக்கொள்ளும்!

அதைத் தடுப்பது பாட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் போடும் பியூஸ் மட்டுமே. “ஆம்ப்ளிபயர்லயே பியூஸ் இருக்கே” என்று சொன்னால் நம்பாதீர்கள். அது ஆம்ப்ளிபயரைத்தான் காக்கும். வழியில் உள்ள ஒயரைக் காக்காது. பியூஸ் அடிக்கடி போனால் பெரிய பியூஸ் போடுவதும் ஆபத்து.

ஒயரில் கை வைக்கும் முன் பாட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். சில கார்களில் மறுபடி மாட்டியதும் செட் ரகசிய எண் கேட்கும். அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் உறை போட்ட ஒயர் பொதுவாக ஏர்பேக்குடையது. அதைத் தொடவே கூடாது.

இத்தனையும் பார்த்த பிறகும் கரகரப்பு போகாவிட்டால் கடைக்குப் போகலாம். “இடது முன் கதவு, பள்ளத்துல மட்டும் வருது. ஸ்பீக்கரை மாத்திப் பாத்தாச்சு” என்று சொல்லிப் பாருங்கள். விவரம் தெரிந்தவரிடம் வேண்டாத சாமானைத் தலையில் கட்டுவது கஷ்டம். மாற்றிய பழைய சாமானையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்!