பத்து, ஐந்து, இரண்டு, சுழி

குயின் ராக் இசைக்குழுவின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ 1981இல் வெளியானது. பிரிட்டனில் இதுவரை மிக அதிகம் விற்ற இசைத்தொகுப்பு அதுதான். பிரிட்டிஷ் பதிப்பில் 17 பாட்டுகள். பாடகர் ஃப்ரெடி மெர்குரி எழுதியவை பத்து. கிட்டார் கலைஞர் பிரையன் மே எழுதியவை ஐந்து. பேஸ் கிட்டார் வாசித்த ஜான் டீக்கனுடையவை இரண்டு. டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லருக்கு ஒன்றுகூட இல்லை. (இங்கே எழுதுவது என்றால் வரியும் மெட்டும் சேர்த்துத்தான், கவிஞர் வேறு, இசையமைப்பாளர் வேறு என்பது கிடையாது.)

எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் மெர்குரிக்குப் போட்டியே இல்லை. சான்சிபாரில் பிறந்து, மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் படித்தவர் அவர். 1975இல் வந்த அவருடைய ‘போஹீமியன் ராப்சடி’ ஏறத்தாழ ஆறு நிமிடம் ஓடும். திரும்பத் திரும்ப வரும் பல்லவி அதில் கிடையாது. தாலாட்டுப் போலத் தொடங்கி, ஆபராவுக்குத் தாவி, முரட்டு ராக்காக வெடித்து, முடிவில் அடங்கும். வானொலிக்கு நீளம் அதிகம் என்றார்கள். பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது.

மேயின் பலம் வேறு. ‘வி வில் ராக் யூ’ பாட்டில் டிரம்ஸ் இல்லை, பேஸும் இல்லை. இரண்டு முறை தரையில் காலை உதைத்து, ஒருமுறை கைதட்டினால் தாளம் தயார். கிட்டார் கடைசியில்தான் நுழைகிறது. கேட்க வந்த கூட்டத்தையே வாத்தியமாக்கிய பாட்டு அது.

டீக்கன் குறைவாக எழுதியவர்; குழுவின் முதல் இரண்டு தொகுப்புகளில் அவர் பாட்டே இல்லை. ஆனால் அமெரிக்காவில் குயின் முதலிடம் பிடித்த பாட்டுகள் இரண்டே. ஒன்று மெர்குரியுடையது, மற்றொன்று டீக்கனின் ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’ (1980). பாட்டைத் தூக்கி நிறுத்துவது அந்தப் பேஸ் ஒலிதான். எழுதியதில் எத்தனை தேறின என்று கணக்குப் பார்த்தால், நால்வரில் இவரை முதலில் வைப்பதே நியாயம்.

டெய்லரின் முறை தாமதமாக வந்தது. ‘ரேடியோ கா கா’ 1984இல் பிரிட்டனில் இரண்டாமிடம் வரை ஏறியது. அடுத்த ஆண்டு லைவ் எய்ட் நிகழ்ச்சியில் வெம்பிளி அரங்கமே அதற்குக் கைதட்டியது. அதற்கு முன்பே பணம் மட்டும் வந்திருந்தது. ‘போஹீமியன் ராப்சடி’ இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருந்தது அவர் கார் மோகத்தைப் பற்றி எழுதிய பாட்டு. தட்டு விற்ற உரிமத்தொகை இரு பக்கத்துக்கும் சமம்! குழுவுக்குள் அது நெடுநாள் புகைந்தது.

மெர்குரி, மே, டீக்கன், டெய்லர் என்ற வரிசையை வெற்றிப் பாட்டுகளின் மொத்தக் கணக்கில் மாற்ற முடியாது. ஆனால் இந்தக் கணக்கு 1980களின் இறுதிவரைதான் செல்லும். 1989இல் வந்த ‘தி மிராக்கிள்’ தொகுப்பில் எல்லாப் பாட்டுக்கும் எழுதியவர் இடத்தில் ஒரே பெயர்: குயின்.