சுருதி திருத்தும் மென்பொருளும் கமகமும்

ஒலிப்பதிவு மென்பொருளுடன் இணைத்துப் பயன்படுத்தப்படும் துணைக்கருவிகள் ‘பிளக்-இன்’ எனப்படுகின்றன. அவற்றுள் 1997இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஓட்டோ-டியூன்’ சிறப்பாக நோக்கத்தக்கது. எண்ணெய்வளம் தேடும் பணியில் நில அதிர்வலைகளைப் பகுத்தாய்ந்த அன்டி ஹில்டெபிரான்ட் இதனை உருவாக்கினார். பாடுவோர் குரலின் அதிர்வெண்ணைக் கணித்து, தெரிவுசெய்யப்பட்ட சுரத்தானங்களுள் அண்மையிலுள்ளதற்கு அதனை இக்கருவி நகர்த்துகின்றது. திருத்தும் வேகம் உச்சமாயின், சுரங்களிடையேயான இழைவு அறுந்து, குரல் சுரத்துக்குச் சுரம் தாவும். 1998இல் வெளியான ஷேரின் ‘பிலீவ்’ பாடல் இவ்விளைவையே அழகாக்கிற்று.

ஆயின், கருநாடக இசையின் கமகம் சுரங்களிடையேயான அசைவிலேயே உயிர்க்கின்றது. தோடியின் காந்தாரத்தை அசைவின்றி நிறுத்தின் தோடியே இல்லை. கருவி எதனைப் பிழையெனக் கொள்கின்றதோ, அதில் ஓர் இசைமரபின் அளவுகோல் மறைந்துள்ளது. எனவே, எம்மரபின்படி திருத்துகின்றோம் என்னும் வினா திருத்தத்திற்கு முன் எழுதல் வேண்டும்.