பன்றிக்குக் காய்ச்சல் கொடுத்தது யார்?

1918 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலம், சீடார் ராப்பிட்ஸ் நகரில் ஒரு பெரிய பன்றிக் கண்காட்சி நடந்தது. வந்திருந்த பன்றிகளில் பல இருமின, தீனி எடுக்காமல் படுத்தன. கண்காட்சி முடிந்து ஊர் திரும்பியபோது நோயும் கூடவே போயிற்று. உலகமெங்கும் மனிதர்களை ஃப்ளூ வாரிக்கொண்டு போன அதே வாரங்கள் அவை.

ஜே. எஸ். கோயன் என்ற அரசு கால்நடை மருத்துவர் அந்தப் பண்ணைகளைச் சுற்றி வந்தார். சில இடங்களில் வீட்டில் ஆட்கள் படுத்த கையோடு கொட்டிலில் பன்றிகளும் படுத்தன. வேறு சில இடங்களில் முதலில் பன்றிகள், அப்புறம் குடும்பத்தார். இரண்டும் ஒரே நோய்தான் என்று அவர் எழுதினார். பன்றி வளர்ப்பவர்களுக்குக் கடும் கோபம். இப்படிச் சொன்னால் இறைச்சியை யார் வாங்குவார்கள்? கோயன் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

இந்த நோய் கண்ட கொட்டிலைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மாலைவரை தீனித் தொட்டியை முட்டி மோதித் தின்ற கூட்டம் காலையில் எழாது. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். மூக்கு ஒழுகும், வயிறு எக்கி எக்கி மூச்சு வாங்கும். எழுப்பி நடக்க விட்டால் நாய் குரைப்பதுபோல வறட்டு இருமல் கிளம்பும். மந்தை முழுவதும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் படுத்துவிடும் என்பதால் வளர்ப்பவருக்குக் குலை நடுங்கும். ஆனால் சாவு குறைவு. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் எழுந்து தின்னத் தொடங்கிவிடும்.

கோயனின் சந்தேகத்துக்கு ஆய்வகச் சான்று வந்தது ரிச்சர்ட் ஷோப் என்பவரால். அயோவாவில் பிறந்து வளர்ந்த மருத்துவர். நோயுற்ற பன்றிகளின் சளியை, பாக்டீரியா நுழைய முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்தார். வடிந்த நீரை நல்ல பன்றிகளின் மூக்கில் விட்டபோது அவற்றுக்கும் நோய் லேசாகத் தொற்றியது. நோய்க்கு ஒரு வைரஸ் காரணம் என்று 1931இல் அவர் அறிவித்தார். மனித ஃப்ளூவின் வைரஸை லண்டன் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தது அதற்குப் பிறகு, 1933இல்தான். பன்றியில் கண்டது மனிதனில் தேட வழிகாட்டியது.

பிறகு மனித இரத்தத்தைச் சோதித்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. பெரியவர்களின் இரத்தம் பன்றி வைரஸைச் செயலிழக்கச் செய்தது. 1918க்கு வெகு காலம் கழித்துப் பிறந்த குழந்தைகளின் இரத்தத்தால் அது முடியவில்லை. அப்படியானால் பெரியவர்கள் அந்த வைரஸையோ அதன் நெருங்கிய உறவையோ முன்பே சந்தித்திருக்கிறார்கள். 1918இன் வைரஸ் மனிதரிடமிருந்து பன்றிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது என்பதுதான் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம்.

பன்றியின் உடல் இந்த வைரஸுக்கு ஏன் இவ்வளவு வசதியான இடம்? ஃப்ளூ வைரஸ் உயிரணுவுக்குள் நுழைய, அதன் மேற்பரப்பிலுள்ள ஒரு சர்க்கரை மூலக்கூறைப் பற்ற வேண்டும். பறவைகளின் வைரஸ் நாடுவது ஒரு வகை, மனித வைரஸ் நாடுவது இன்னொரு வகை. பன்றியின் சுவாசப் பாதையில் இரண்டுமே உண்டு. போதாததற்கு, இந்த வைரஸின் மரபுப்பொருள் ஒரே இழையாக இல்லாமல் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. இரண்டு வைரஸ்கள் ஒரே உயிரணுவில் நுழைந்தால், வெளிவரும் புதியவற்றில் துண்டுகள் கலந்துபோகலாம். கணக்குப் போட்டால் 256 சேர்க்கைகள். பெரும்பாலானவை உருப்படாது. ஒன்று உருப்பட்டாலே போதும்.

2009இல் மெக்சிகோவிலும் கலிபோர்னியாவிலும் தென்பட்ட வைரஸ் அப்படி உருவானது. அதன் எட்டுத் துண்டுகளில் இரண்டு வட அமெரிக்கப் பறவை வைரஸிலிருந்தும், ஒன்று மனித வைரஸிலிருந்தும், மூன்று அமெரிக்கப் பன்றிகளின் பழைய வைரஸிலிருந்தும், இரண்டு ஐரோப்பிய-ஆசியப் பன்றி வைரஸிலிருந்தும் வந்தவை. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. வழக்கமான ஃப்ளூ முதியவர்களைத்தான் அதிகம் கொல்லும். இதில் இறந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் 65 வயதுக்குக் குறைந்தவர்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கர்ப்பிணிகளும் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள்.

முதியவர்கள் தப்பியதற்குக் காரணம் எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. அந்த வைரஸின் வெளிப்புறப் புரதம் 1918இன் வாரிசு. மனிதரிடையே சுற்றிய கிளை ஆண்டுக்காண்டு உருமாறிக்கொண்டே போனது. பன்றிகளிடம் தங்கிய கிளை அவ்வளவாக மாறவில்லை. 1957க்கு முன் பிறந்தவர்களில் பலர் சிறு வயதில் அந்தப் பழைய முகத்தைப் பார்த்திருந்தார்கள். ஐம்பது அறுபது ஆண்டுகள் கழித்தும் அவர்கள் உடல் அதை மறக்கவில்லை.

2009இன் பீதியில் மிகவும் மனம் நோகச் செய்தது எகிப்து. அங்கு எந்தப் பன்றியிடமும் நோய் காணப்படாத நிலையில், சுமார் 3 லட்சம் பன்றிகளைக் கொல்ல அரசு உத்தரவிட்டது. கெய்ரோவின் குப்பையை வீடு வீடாக அள்ளி, உணவுக் கழிவைப் பன்றிகளுக்குப் போட்டுப் பிழைத்துவந்த ஜபாலீன் மக்களின் வாழ்வாதாரம் அதோடு போயிற்று. தின்னப் பன்றிகள் இல்லாததால் கழிவு தெருக்களில் அழுகிக் குவிந்தது. நன்கு வெந்த பன்றி இறைச்சியால் இந்தக் காய்ச்சல் பரவாது. இருமல், தும்மல் மூலம்தான் பரவுகிறது. மனிதருக்கு மனிதர் தாவும் நிலைக்கு வைரஸ் வந்தபின் பன்றியைக் கொன்று யாருக்கு என்ன பயன்?

நார்வேயில் நடந்தது நேர் எதிர். அந்நாட்டுப் பன்றிகளிடம் அதுவரை ஃப்ளூவே இருந்ததில்லை. 2009 அக்டோபரில் காய்ச்சலோடு வேலைக்கு வந்த பண்ணையாட்களிடமிருந்து அவற்றுக்குத் தொற்றியிருக்க வேண்டும். 2010இல் சோதித்தபோது ஏறக்குறைய 40 சதவீத மந்தைகளில் தொற்றின் தடயம் இருந்தது. அமெரிக்காவில் 2009 முதல் 2021 வரை இதே வைரஸ் மனிதரிடமிருந்து பன்றிகளுக்குச் சுமார் 370 முறை தாவியிருப்பதாக மரபணு ஆய்வு காட்டுகிறது. ஒவ்வொரு தாவலும் அந்த எட்டுத் துண்டுகள் கலக்கக் கிடைக்கும் இன்னொரு வாய்ப்பு.

2009இன் வைரஸ் இப்போது மனிதரிடையே சாதாரணப் பருவக் காய்ச்சலாகிவிட்டது. நம் ஊர் மருத்துவமனையில் பன்றிக் காய்ச்சல் என்று சேர்க்கப்படுபவர் அநேகமாகப் பன்றியின் பக்கமே போயிருக்க மாட்டார். பக்கத்து இருக்கையில் இருமியவரிடமிருந்து வாங்கியிருப்பார். ஒசெல்டாமிவிர் மாத்திரையை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசியில் இந்த வகைக்கு எதிரான பாதுகாப்பும் சேர்ந்தே இருக்கிறது. பண்ணையில் வேலை செய்பவர்கள் அதைப் போட்டுக்கொள்வதும், காய்ச்சல் கண்ட நாட்களில் கொட்டிலுக்குள் போகாமல் இருப்பதும் பன்றிகளுக்காகவும்தான்.