பழைய டீசல் வேனும் சங்கத்தின் கணக்கும்

நமது சங்கங்கள் சிலவற்றுக்குச் சொந்த வேன் உண்டு. நெசவாளர் சங்கமாயின் நூல் சிப்பங்களைக் கொண்டுவரவும், நெய்த துணியை விற்பனை நிலையங்களுக்கு அனுப்பவும் அது உதவுகிறது. விவசாயிகளின் சங்கமாயின் உரமும் விதையும் ஊருக்கு வரவும், மஞ்சளும் காய்கறியும் சந்தைக்குப் போகவும் அதுவே துணை. வாங்கிய நாளில் மாலையிட்டு வரவேற்ற அதே வேன், பத்தாண்டு கழிந்தபின் நிர்வாகக் குழுவின் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு செலவினமாக வந்து நிற்கிறது. "இதை வைத்திருப்பதா, விற்றுவிடுவதா?" என்ற கேள்வியும் உடன் எழுகிறது. இதற்கு விடை காண யந்திர சாஸ்திரம் முழுவதும் கற்க வேண்டுவதில்லை. எந்தக் கோளாறு எதனால் வருகிறது, அதற்கு எத்துணைச் செலவாகும் என்பவற்றை ஓரளவு அறிந்தால் போதும். இதை நான் உணர்ந்தது என்னுடைய தவறு ஒன்றின் வாயிலாகவே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பரிசோதித்தேன். பன்னிரண்டு ஆண்டு ஓடிய டீசல் வேன் அவர்களுடையது. செலவுச் சீட்டுகளில் "கூலன்ட் ஒரு லிட்டர்", "ரேடியேட்டருக்குத் தண்ணீர்" என்று சிறு தொகைகள் மாதந்தோறும் காணப்பட்டன. ஒவ்வொன்றிலும் கையொப்பம் இருந்தது; கூட்டுத்தொகையும் சரியாக இருந்தது. குறியிட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் அவ்வேன் சேலைக் கட்டுகளுடன் நடுவழியில் நின்றுவிட்டது. ரேடியேட்டருக்குச் செல்லும் ரப்பர் ஹோஸில் ஏற்பட்ட வெடிப்பின் வழியே பல மாதங்களாக நீர் கசிந்திருக்கிறது. என்ஜின் கொதித்து, ஹெட் காஸ்கெட் எரிந்து, சிலிண்டர் ஹெட்டும் வளைந்துவிட்டது. சில நூறு ரூபாயில் மாற்றியிருக்கக்கூடிய ஹோஸுக்காகச் சங்கம் 48,000 ரூபாய் செலவிட நேர்ந்தது. பதினெட்டு நாள் வேன் பட்டறையில் கிடந்தது. சரக்கு தாமதமாயிற்று; பண்டிகைக்கு முன் சேர வேண்டிய கூலியில் ஒரு பகுதி, பண்டிகை முடிந்த பின்னரே தறிக்காரர் கைக்குக் கிடைத்தது. அந்தச் சீட்டுகளை நான் தனித்தனியே பார்த்தேனேயன்றிச் சேர்த்துப் பார்க்கவில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிவரும் நீர் மாதந்தோறும் எங்கே போகிறது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தவறினேன்.

புகை கூறும் செய்தி

1897-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் தம் யந்திரத்தை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். பெட்ரோல் என்ஜினைப் போல் இதில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. காற்றைப் பலமாக அழுத்துவதால் உண்டாகும் வெப்பத்திலேயே டீசல் தீப்பற்றுகிறது. ஆகவே தூய காற்று, தூய எண்ணெய், போதிய அழுத்தம் ஆகிய மூன்றும் இதற்கு உயிர்நிலை எனலாம்.

காலையில் வண்டி கிளம்ப அடம்பிடித்தால், முதலில் பாட்டரியையும் குளோ பிளக்குகளையும் சோதிக்க வேண்டும். அடுத்து எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை நன்றாயிருந்தும் கிளம்பாவிடில் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து அழுத்தம் குறைந்திருக்கலாம். கரும்புகை வந்தால் காற்றுப் பில்டர் அடைத்திருக்கும், அல்லது இன்ஜெக்டர் பழுதாகியிருக்கும். நீலப்புகை, என்ஜின் ஆயில் எரிவதைக் காட்டும். என்ஜின் சூடேறிய பின்னும் வெண்புகை ஓயாமல் வந்து, கூலன்ட்டும் குறைந்துவந்தால், காஸ்கெட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய வேளை வந்துவிட்டது.

வெப்பமானியின் முள் ஏறினால் அக்கணமே ஓரமாக நிறுத்துவது டிரைவரின் கடமை. "இன்னும் இரண்டு மைல்தானே" என்ற எண்ணமே ஹெட்டை வளைத்துவிடும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறத்தலும், கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றுதலும் ஆபத்தானவை.

மூன்று வகைச் செலவுகள்

பழுதுச் செலவுகளை நூறுகளில் முடிவன, ஆயிரங்களில் முடிவன, பதினாயிரங்களைத் தாண்டுவன என மூவகையாகப் பிரிக்கலாம். பான் பெல்ட், ஹோஸ், பில்டர் போன்றவை பெரும்பாலும் முதல் வகை. கிளச், பிரேக், ஆல்டர்னேட்டர், பட்டை வில் ஆகியவை இரண்டாம் வகை. ஹெட் காஸ்கெட், டீசல் பம்பு, டர்போ, முழு என்ஜின் புதுப்பிப்பு ஆகியவை மூன்றாம் வகை. கவனிக்கற்பாலது யாதெனில், மூன்றாம் வகையில் பல, முதல் வகையைப் புறக்கணித்ததன் விளைவுகளே. டீசல் பில்டரில் சேர்ந்த நீரை வடிக்காவிடில் பம்பும் இன்ஜெக்டரும் துருவேறிக் கெடும். ஆயிலை உரிய காலத்தில் மாற்றாவிடில் டர்போவின் தாங்கிகள் தேயும்.

கிளச் பழுதில் கூலியே பெரிது. கியர் பெட்டியை இறக்கியாக வேண்டும். ஆகவே கிளச் தட்டு, பிரஷர் தட்டு, பேரிங் மூன்றையும் ஒருசேர மாற்றுவதே சிக்கனம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. இரண்டாண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் போன்ற மலைப்பாதையில் பாரத்துடன் இறங்கும் வண்டிக்கு இது உயிர் காக்கும் செலவு. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்கினால் பிரேக்கும் காய்ந்து வலுவிழக்காது.

வைத்திருப்பதா, விற்பதா?

ஓர் உதாரணம் காண்போம். வேன் ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர் ஓடுகிறது. பழுதுச் செலவு 90,000 ரூபாய் எனின், கிலோமீட்டருக்கு 5 ரூபாய். புதிய வேன் வாங்கினால் மாதத் தவணை 15,000 ரூபாய் எனின், கிலோமீட்டருக்கு 10 ரூபாய். ஆகவே பழுதுச் சீட்டைக் கண்டு மிரண்டு வேனை விற்பது எப்போதும் புத்திசாலித்தனமாகாது. ஆயினும், வேன் பட்டறையில் கிடந்த நாட்களையும் அந்நாட்களின் வண்டி வாடகையையும் இக்கணக்கில் சேர்த்தாக வேண்டும். சேஸிஸ் துருவேறி உளுத்துவிட்டால் பிறகு பழுது பார்ப்பதில் பொருளில்லை. எட்டாண்டு கடந்த போக்குவரத்து வாகனத்துக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும் என்பதையும், 15 ஆண்டு கடந்தவற்றுக்கு அதன் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பெரிதும் உயர்த்தப்பட்டதையும் மறத்தலாகாது.

தேய்மானத்தை ஆண்டுதோறும் ஏட்டில் எழுதுகிறோம். அத்தொகையைப் பணமாகத் தனியே ஒதுக்கும் சங்கங்கள் மிகச் சிலவே. ஒதுக்கியிருந்தால் என்ஜின் நின்ற நாளில் நெசவுக் கூலிப் பணத்தில் கைவைக்க நேராது.

வேனுக்கென்று தனிப்பேரேடு ஒன்று வைத்து, தேதி, ஓடிய தூரம், மாற்றிய உறுப்பு, தொகை ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதிவருவது நன்று. மாதம் ஒருமுறை காரியதரிசியும் டிரைவரும் சேர்ந்து அதைப் படித்தால், திரும்பத் திரும்ப வரும் சிறுசெலவு தானே கண்ணில் படும். அங்கத்தினர்களும் அடுத்த பொதுக்கூட்டத்தில் அப்பேரேட்டைக் கேட்டுப் பார்க்கலாம், வேன் அவர்களுடையதே. நான் இப்போது எந்தச் சங்கத்துக்குப் போனாலும் செலவுச் சீட்டுகளைத் தொடுமுன் அப்பேரேட்டைத்தான் முதலில் கேட்கிறேன்.