பதிவுபெற்ற உணவியல் வல்லுநர்

பதிவுபெற்ற உணவியல் வல்லுநர் என்பவர் உணவியலில் முதுநிலைக் கல்வியும் மருத்துவமனைப் பயிற்சியும் முடித்து, தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றுத் தம் பெயரைப் பதிவு செய்துகொண்ட தொழில்முறையாளர் ஆவார். ஒருவரின் நோய், ஆய்வக முடிவுகள், உட்கொள்ளும் மருந்துகள், வேலை, வருவாய், உணவுப் பழக்கம் ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு அவருக்கு ஏற்ற உணவைத் திட்டமிடுவது இவரது முதன்மைப் பணியாகும். மருத்துவமனைகளில் இவர் பொதுவாக டயட்டீஷியன் என்று அழைக்கப்படுகிறார்.

இந்தியாவில் இத்தகுதி நெடுங்காலமாக ஒரு தொழில்முறைச் சங்கம் வழங்கும் சான்றாக மட்டுமே இருந்து வந்தது. 2021 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் இத்தொழிலை அரசுப் பதிவேட்டின் கீழ்க் கொண்டுவர வழிசெய்தது. எனினும் இதற்கான முதுநிலைக் கல்வியும் பயிற்சியும் பெருநகரங்களிலேயே குவிந்துள்ளன. ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற தொழிற்பகுதிகளில் இவ்வல்லுநர்களின் தேவை மிகுதியாக இருந்தும், அப்பகுதி மாணவர்கள் இக்கல்விக்காக வெளியூர் செல்ல வேண்டியுள்ளது.

பெயர் வேறுபாடு

உணவியல் வல்லுநர், ஊட்டச்சத்து ஆலோசகர் ஆகிய இரு பெயர்களும் ஒரே பொருளில் வழங்கப்படுவதுண்டு. ஆனால் உடற்பயிற்சிக் கூடத்தில் எடை குறைக்க அறிவுரை கூறுபவரும், சில வாரச் சான்றிதழ்ப் படிப்பு முடித்தவரும் தம்மை ஊட்டச்சத்து ஆலோசகர் என அழைத்துக்கொள்கின்றனர். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இளநீரும் மாம்பழமும் தாராளமாகப் பரிந்துரைக்கப்பட்டால், அவற்றிலுள்ள பொட்டாசியம் குருதியில் தேங்கி இதயத் துடிப்பையே பாதிக்கலாம். உடல்நலம் உள்ளவருக்கு நன்மை தரும் உணவு நோயாளிக்குத் தீங்காக மாறும் இத்தகைய நிலைகளை அறிந்திருப்பதே பயிற்சி பெற்றவரை மற்றவரிடமிருந்து வேறுபடுத்துகிறது.

வரலாறு

இந்திய ஊட்டச்சத்து ஆய்வு தமிழ்நாட்டில் தொடங்கியது. 1918 ஆம் ஆண்டில் குன்னூரில் இராபர்ட் மெக்கரிசன் என்பவர் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறிய பிரிவை அமைத்தார். அது 1928 இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1958 இல் ஐதராபாத்திற்கு மாற்றப்பட்டு, 1969 இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. இந்நிறுவனம் 2017 இல் வெளியிட்ட இந்திய உணவுக் கூறு அட்டவணையில் 528 உணவுப் பொருள்களின் சத்துகள் தரப்பட்டுள்ளன. உணவியல் மாணவர்கள் நாள்தோறும் கையாளும் நூல் இதுவாகும்.

சேலத்தில் பிறந்த சி. கோபாலன் (1918–2019) இந்நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றியவர். 1960களின் தொடக்கத்தில் உருவான இந்திய உணவியல் சங்கத்தின் முன்னோடிகளுள் அவரும் ஒருவர். கோயம்புத்தூரில் 1957 இல் தொடங்கப்பட்ட அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி, இராசம்மாள் தேவதாசு அவர்களின் வழிகாட்டலில் தமிழ்நாட்டின் ஊட்டச்சத்துக் கல்விக்கு முக்கிய மையமாயிற்று. 1988 இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.

கல்வியும் பயிற்சியும்

இத்துறைக்கு வருவோர் பொதுவாக மனையியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து ஆகியவற்றில் இளநிலைப் பட்டம் பெற்று, பின்னர் இரண்டாண்டு முதுநிலைப் பட்டம் பயில்கின்றனர். உணவியலில் முதுநிலைப் பட்டயம் பெறும் வழியும் உண்டு. முதுநிலைப் பாடங்களுள் முக்கியமானவை:

* உடலியங்கியல், ஊட்டச்சத்து உயிர்வேதியியல்
* மருத்துவ உணவியல்
* உணவு நுண்ணுயிரியலும் உணவுப் பாதுகாப்பும்
* சமுதாய ஊட்டச்சத்து
* பெருஞ்சமையல் மேலாண்மை
* ஆய்வு முறையியல், புள்ளியியல்

பட்டம் மட்டும் போதுமானதன்று. பல சிறப்புத் துறைகள் கொண்ட மருத்துவமனை ஒன்றில், பொதுவாக ஆறு மாத காலம், அனுபவமிக்க உணவியல் வல்லுநரின் மேற்பார்வையில் பயிற்சி பெற வேண்டும். இப்பயிற்சியில் மாணவர் நான்கு வகைத் தரவுகளைக் கொண்டு நோயாளியை மதிப்பிடக் கற்கிறார். அவை உடல் அளவுகள், ஆய்வக முடிவுகள், உடலில் தெரியும் அறிகுறிகள், உணவு வரலாறு என்பனவாகும்.

உணவு வரலாற்றை அறியப் பெரிதும் பயன்படுவது 24 மணிநேர நினைவுகூரல் முறை ஆகும். முந்தைய நாள் முழுவதும் உண்டவற்றையும் பருகியவற்றையும் நோயாளியிடம் கேட்டு, கரண்டி, கிண்ணம், களி உருண்டை ஆகிய வீட்டு அளவுகளைக் கிராமாக மாற்றி, சத்துகளைக் கணக்கிடுவர். ஓர் உருண்டைக் களிக்கு எவ்வளவு மாவு செல்கிறது என்பதை அறியாதவரின் கணக்கு தொடக்கத்திலேயே பிழையாகிவிடும். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு உணவைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும் என்பது போன்ற, உயிர்காக்கும் பாடங்களும் நோயாளியின் படுக்கையருகில்தான் முழுமையாகப் புரிகின்றன.

கல்வியையும் பயிற்சியையும் முடித்தவர்கள் இந்திய உணவியல் சங்கத்தின் பதிவு வாரியம் நடத்தும் தேர்வை எழுதலாம். தேர்ச்சி பெறுவோர் பதிவுபெற்ற உணவியல் வல்லுநர் எனும் தகுதியைப் பெறுகின்றனர். இது பல மருத்துவமனைகளில் மதிக்கப்படும் தகுதியாயினும், சட்டம் அளிக்கும் உரிமம் அன்று.

2021 ஆம் ஆண்டுச் சட்டம்

2021 மார்ச்சு மாதத்தில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற தேசியத் துணைமருத்துவ மற்றும் சுகாதாரப் பராமரிப்புத் தொழில்கள் ஆணையச் சட்டம், உணவியல் வல்லுநர்களையும் ஊட்டச்சத்து வல்லுநர்களையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. மத்தியப் பதிவேடு, மாநில மன்றங்கள், மாநிலப் பதிவேடுகள் ஆகியவற்றுக்கு இச்சட்டம் வகைசெய்கிறது. சுகாதாரப் பராமரிப்புத் தொழில்முறையாளரின் பட்டப்படிப்பு 3,600 மணி நேரத்திற்குக் குறையலாகாது என்றும் வரையறுக்கிறது. ஊட்டச்சத்து மற்றும் உணவியலுக்கான பொதுப் பாடத்திட்டம் 2025 இல் வெளியிடப்பட்டது.

அதே ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு, இச்சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலைக் கல்வியாகவோ இணையவழியாகவோ நடத்தக் கூடாது என அறிவித்தது. மருத்துவ உணவியலும் இதில் அடங்கும். நோயாளிகளைக் காணாமல் பட்டம் பெறுவதை இது தடுக்கிறது. அதேவேளை, வேலையை விடாமலும் ஊரை விட்டுச் செல்லாமலும் படிக்க எண்ணிய சிற்றூர்ப் பெண்களுக்கு இருந்த ஒரு வழியும் இதனால் அடைபட்டது.

பிற நாடுகளில்

அமெரிக்க உணவியல் சங்கம் 1917 இல் தோன்றியது. அங்குப் பதிவு முறை 1969 இல் தொடங்கியது. 2024 சனவரி 1 முதல் பதிவுத் தேர்வை எழுத முதுநிலைப் பட்டம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஐக்கிய இராச்சியத்தில் உணவியல் வல்லுநர் என்னும் பெயரே சட்டத்தால் காக்கப்படுகிறது. பதிவு பெறாதவர் அப்பெயரைப் பயன்படுத்துவது குற்றமாகும்.

ஓசூர் – கிருஷ்ணகிரிப் பகுதி

கருநாடக எல்லையில் அமைந்துள்ள ஓசூர், 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின்னர் பெரும் தொழில் நகரமாக வளர்ந்தது. டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் ஆகிய நிறுவனங்களின் ஆலைகள் இங்கு உள்ளன. இத்தொழிற்பகுதியில் உணவியல் வல்லுநருக்குரிய பணிகள் பலவாகும்.

முறைப்பணி: ஆலைத் தொழிலாளர் பலர் வாரந்தோறும் மாறும் முறைகளில் பணிபுரிகின்றனர். இரவு முறையில் உள்ளவருக்கு நேற்று எது, இன்று எது என்பதே குழப்பமாகையால், ஒரு நாள் நினைவுகூரல் அவரது உணவைச் சரியாகக் காட்டாது. நீரிழிவு உடையவருக்கு மருந்து வேளையையும் உணவு வேளையையும் முறைக்கேற்ப மாற்றி அமைக்க வேண்டியுள்ளது.

ஆலை உணவகம்: 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் உணவகம் அமைக்க வகைசெய்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு இவ்வரம்பை 100 பேராகக் குறைத்தது.

குருதிச்சோகை: 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குக் குருதிச்சோகை இருந்தது. விடுதிகளில் தங்கி மின்னணு ஆலைகளில் பணிபுரியும் இளம்பெண்களிடையே கவனிக்க வேண்டிய சிக்கல் இது. உணவோடு தேநீர் அருந்துவது இரும்புச்சத்து உட்கவர்தலைக் குறைக்கும். நெல்லிக்காயும் எலுமிச்சையும் அதனைக் கூட்டும்.

கேழ்வரகு: இப்பகுதியின் மரபுணவான கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ளது. எனினும் அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்தாகும். எனவே அது நீரிழிவைக் கூட்டாது என எண்ணி அளவின்றி உண்பது தவறாகும்.

வீடு தேடிச் சென்று நீரிழிவுக்கும் உயர் குருதியழுத்தத்திற்கும் மருந்து வழங்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், 2021 ஆகத்து 5 அன்று இம்மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. மருந்து வீட்டுக்கு வந்துவிட்ட நிலையில், அதனோடு செல்ல வேண்டிய உணவு ஆலோசனைக்குத் தகுதி பெற்றவர்கள் தேவைப்படுகின்றனர்.

முதுநிலைக் கல்விக்கு இப்பகுதி மாணவர் முன் இரு திசைகள் உள்ளன. சென்னையும் கோயம்புத்தூரும் ஓசூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலுள்ளன. பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ளது; ஓசூர்ச் சாலையிலேயே, பொம்மசந்திரா உட்படப் பல இடங்களில் பெரிய மருத்துவமனைகள் அமைந்துள்ளன. ஆனால் தமிழ்நாட்டு மாணவருக்குரிய இடஒதுக்கீடு கருநாடக அரசு ஒதுக்கீட்டு இடங்களில் பொதுவாகச் செல்லாது. மாவட்டத்துக்குள்ளேயே பயிற்சி பெறும் வாய்ப்புக்கு, 2022 சனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி ஓர் அடித்தளமாக அமையக்கூடும். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகளும் வழங்கும் இப்பகுதியில், நோயாளியின் மொழியிலும் சமையலிலும் பழகிய உள்ளூர் வல்லுநரின் ஆலோசனை பின்பற்றப்படும் வாய்ப்பு மிகுதியாகும்.